உஷார்! வைபரில் வரும் வைத்திய ஆலோசனை

தரம் ஆறில் படிக்கும் பெண்பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு இந்த எச்சரிக்கை முதலில் போய்ச் சேரட்டும். வருடத்தில் ஒரு நாள் பிள்ளையின் புத்தகப் பைக்குள் ஒரு கடிதம் இருக்கும். பாடசாலையில் தடுப்பூசி போடப் போகிறார்கள், சம்மதம் என்றால் கையெழுத்து வைத்து அனுப்புங்கள் என்று அதில் எழுதியிருக்கும். அன்றிரவே தாயின் கைப்பேசிக்கு ஒரு குரல்பதிவு வந்து சேரும். அது அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

“பிள்ளை, சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில ஊசி போடப் போறாங்களாம் எண்டு அம்மா சொன்னவா. அவசரப்படாதையம்மா. அந்த ஊசியால பிறகு பிள்ளைப்பாக்கியம் இல்லாமல் போகுமாம். இஞ்ச ஒரு வீடியோவில டொக்டர் ஒராள் சொல்லுறார், அனுப்பிவிடுறன், பார். கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்.”

பேசுகிறவர் அந்நியர் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் சித்தி. இடப்பெயர்வு நாட்களில் காசு அனுப்பி இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். அவர் சொல்லைத் தட்ட யாருக்கு மனம் வரும்? கடிதம் கையெழுத்தில்லாமல் மேசை லாச்சிக்குள் போய்விடுகிறது.

ஆபத்து அந்த ‘பொறுத்துப் பாப்பம்’ என்பதில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தடுப்பூசிக்கு எதிராகக் கொடி பிடிக்கும் கூட்டம் என்று ஒன்றும் இல்லை. ஆணி குத்தினால் அடுத்த நிமிஷமே ஏற்பு ஊசி போட ஓடுகிற சனம் நாங்கள். அந்த ஊசியில் என்ன இருக்கிறது, எந்த நாட்டில் செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற காயம் கேள்வி கேட்க விடாது. இருபது வருடம் கழித்து வரப்போகும் நோய்க்கு இன்று ஊசி என்றால்தான் நூறு கேள்வி பிறக்கிறது. கேள்வி பிறப்பதில் பிழையில்லை. அதை யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

சித்தியிடமே ஒன்று கேட்டுப் பாருங்கள். அவருடைய மகள் ஏழாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூடத்தில் என்ன ஊசி போட்டார்கள்? சித்தி இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இந்த எச்.பி.வி. தடுப்பூசி 2007 முதல் பாடசாலைகளில் மாணவிகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. 2016 முதல் ஆண்பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிவிட்டார்கள். இலங்கைப் பாடசாலைகளுக்கு அது வந்து சேர்ந்தது 2017இல்தான். எங்கள் பிள்ளையைப் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறவரின் பிள்ளைக்கு எப்போதோ போட்டு முடிந்திருக்கக்கூடும். ஒன்ராறியோவில் சின்னமுத்து போன்ற நோய்களுக்கான ஊசிப் பதிவைக் காட்டாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து இடைநிறுத்தச் சட்டமே இருக்கிறது என்பதையும் சித்தி சொல்ல மறந்துவிடுகிறார்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லாமே எச்.பி.வி. வைரஸின் நெடுநாள் தொற்றால் வருவது. தொற்றுக்கும் புற்றுக்கும் இடையில் பதினைந்து, இருபது வருடங்கள் ஓடிவிடும். வைரஸ் உடம்புக்குள் வர முன்னர் போட்டால்தான் தடுப்பூசி முழுப் பலன் தரும். அதனால்தான் பத்து, பதினொரு வயதில் போடுகிறார்கள். பிள்ளையின் நடத்தைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஸ்கொட்லாந்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் பதிவுகளைத் தேடிப் பார்த்து 2024இல் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கேனும் இந்தப் புற்றுநோய் வந்திருக்கவில்லை. பிள்ளைப்பாக்கியத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அடுத்ததையும் யோசிக்க வேண்டும். கருப்பையை அகற்றுவதும் இடுப்புப் பகுதிக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுப்பதும் இந்த நோய்க்கான வைத்தியங்கள். தாய்மையைப் பறிப்பது நோய். ஊசி அதைக் காப்பாற்ற வந்தது. ஐயமிருந்தால் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் வேலை செய்யும் தாதியர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேளுங்கள்.

ஜப்பானில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஊசி போட்ட சில பெண்பிள்ளைகளுக்கு வலி, வலிப்பு என்று 2013இல் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அரசு ஜூன் மாதத்தில் தன் பரிந்துரையை நிறுத்தி வைத்தது. ஏறத்தாழ எழுபது வீதமாக இருந்த ஊசி போடும் அளவு ஒரு வீதத்துக்கும் கீழே விழுந்தது. ஊசிதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை. ஆனாலும் பரிந்துரை திரும்பி வர 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. அங்கேயும் சொன்னது ‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்பதுதான். அந்த ஒன்பது வருடங்களில் வளர்ந்த பெண்பிள்ளைகள் இனி வருடக்கணக்கில் அதற்கு விலை கொடுக்கப் போகிறார்கள்.

மலட்டு ஊசி என்ற கதை இந்த நாட்டில் வெறும் வாயில் மெல்லும் அவல் இல்லை. அது ஆட்களை அடித்திருக்கிறது, கடைகளை எரித்திருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த கட்டியை மலட்டுக் குளிசை என்று சொல்லிக் கலவரம் செய்தார்கள். அரச பகுப்பாய்வில் அது மாக்கட்டி என்று தெரிந்தது. 2019 மே மாதத்தில் குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று ஒரு சிங்களப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. ஆதாரம் எதுவும் இல்லை என்று புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. அதற்குள் அந்த மனிதரின் வாழ்க்கை சிதறிப்போயிருந்தது. அதே கதைதான் இன்று ஆளையும் ஊரையும் மாற்றிக்கொண்டு எங்கள் வைபர் குழுக்களுக்குள் சுற்றுகிறது. அன்று அது எந்தச் சனத்தை அடிக்கப் பயன்பட்டது என்பதை எங்கள் ஆட்கள் மறந்துவிடக் கூடாது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரையும் இன்னொரு பாதி உண்மைக் குரல்பதிவாகிவிடும். 2013 ஓகஸ்ட் 31ஆம் திகதி கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பிள்ளைகளின் போசாக்குப் பரிசோதனை என்று தாய்மாரைக் கூப்பிட்டு, சரியாக விளக்கம் சொல்லாமல் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டை மனித உரிமை அமைப்புகள் வெளிக்கொண்டு வந்தன. போர் முடிந்து நாலு வருடமே ஆகியிருந்த நேரம். அந்தச் செய்தியைக் கேட்ட தமிழ்த் தாய் ஒருத்தி அரசாங்க ஊசி என்றதும் ஒரு கணம் தயங்கினால் அவளைப் படிப்பறிவில்லாதவள் என்று திட்ட எவருக்கும் தகுதியில்லை. அந்தத் தாய்மாரின் முறைப்பாடு தங்களிடம் சம்மதம் கேட்கவில்லை என்பதுதான். பிள்ளையின் பைக்குள் வரும் கடிதம் அவர்களுக்குக் கிடைக்காத அந்த உரிமை. அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம், விளக்கம் கோரலாம், விளங்காவிட்டால் திரும்பவும் போய்க் கேட்கலாம். லாச்சிக்குள் போட்டு மூடினால் அந்த உரிமையால் ஒரு பயனும் இல்லை.

அடுத்த எச்சரிக்கை இன்னும் அவசரமானது. சின்னமுத்து.

இலங்கையில் 1978இல் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 1993இல் பதிவானார். போர் நடந்த காலத்திலேயே, 1995 முதல், போலியோச் சொட்டு மருந்துக்காக இரண்டு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்த நாட்கள் இருந்தன. 2019 ஜூலையில் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. இந்தப் பெருமையே இன்று எங்களுக்கு எதிரியாகிவிட்டது. முப்பது வயதுத் தாய்க்குச் சின்னமுத்து என்பது அம்மம்மா சொல்லும் கதை, வேப்பிலையும் மஞ்சளும் அம்மாள் கோயிலும் என்ற அளவில். அதில் பிள்ளை சாகும் என்பது அவளுக்குத் தெரியாது. குக்கலும் தொண்டைக்கரப்பனும் அவளுக்கு வெறும் பெயர்கள். நோயைப் பார்த்ததில்லை, ஊசி போட்ட அன்றிரவு பிள்ளைக்கு வரும் காய்ச்சலை மட்டும் பார்த்திருக்கிறாள். அதனால் ஊசிதான் வருத்தம் போலத் தெரிகிறது.

2023இல் சின்னமுத்து திரும்பி வந்தது. கொழும்புப் பக்கம்தான் அதிகம் என்று நாங்கள் ஆறுதல்பட்டுக்கொண்டோம். 2024 ஜனவரியில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட வேண்டும் என்று சுகாதார அமைச்சு ஒன்பது மாவட்டங்களைத் தெரிவு செய்தபோது அதில் யாழ்ப்பாணமும் இருந்தது. எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது?

இந்த நோயாளி ஓர் அறைக்குள் இருமிவிட்டுப் போனால் இரண்டு மணித்தியாலம் வரை வைரஸ் காற்றில் நிற்கும். தடுப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றிக்கொள்வார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் அது பரவ வழியில்லாமல் நிற்கும். நாட்டுக் கணக்கில் அந்த அளவு சரியாக இருக்கலாம். ஒரு ஒழுங்கையில், ஒரு முன்பள்ளியில், ஒரு ரியூசன் கொட்டிலில் நாலு பிள்ளைகளுக்கு விடுபட்டிருந்தால் நாட்டுக் கணக்கு அந்த நாலு பேரையும் காப்பாற்றாது. நிமோனியா, மூளைக்காய்ச்சல், கண்பார்வை போவது என்பவை தெரிந்த ஆபத்துகள். தெரியாத இன்னொன்றும் உண்டு. சின்னமுத்து வந்த பிள்ளையின் உடம்பு முன்னர் எதிர்த்து நின்ற மற்ற நோய்க்கிருமிகளின் நினைவையும் இழந்துவிடுகிறது என்று 2019இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வருத்தம் மாறி வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளை அடுத்தடுத்து ஏன் படுக்கையில் விழுகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கனடாவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 ஒக்ரோபரில் தொடங்கிய சின்னமுத்துப் பரவல் ஒரு வருடம் நிற்காமல் ஓடியது. ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நோயாளிகளானார்கள். 2025 நவம்பரில் ‘ஒழித்த நாடு’ என்ற தகுதியை அந்த நாடு இழந்தது. ஒன்ராறியோவும் அதிகம் பாதிக்கப்பட்ட மாகாணங்களில் ஒன்று. எங்கள் சனம் இருக்கும் மாகாணம். கோடை விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் விமானம் ஏறி வருகிற சொந்தங்களோடு வைரஸும் ஏறி வரும். அதற்கு விசா தேவையில்லை.

ஊசி போட்டால் ஓட்டிசம் வரும் என்ற வதந்திக்கும் ஒரு தொடக்கம் உண்டு. 1998இல் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற லண்டன் வைத்தியர் எழுதிய கட்டுரை அது. 2010இல் அதை வெளியிட்ட சஞ்சிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அவருடைய வைத்தியப் பதிவும் போனது. பிறகு டென்மார்க்கில் ஆறரை இலட்சம் பிள்ளைகளுக்கு மேல் வருடக்கணக்கில் பார்த்தார்கள். தொடர்பே இல்லை. ஓட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படுவது ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில். எங்கள் அட்டவணையில் ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் எம்.எம்.ஆர். ஊசி. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடப்பதால் ஒன்றை ஒன்றோடு முடிந்துவிடுகிறோம். பிள்ளைக்குப் பேச்சு பிந்துகிறது என்றால் உடனே வைத்தியரிடம் போங்கள். ஊசியை நிறுத்தினால் பேச்சு வராது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைப் போல ஓர் ஊரில் இந்த வதந்திகள் நடமாடுவதுதான் எரிச்சல். பரமேஸ்வராச் சந்தியில் பல்கலைக்கழகம். ஆடியபாதம் வீதியில் 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம். திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் நிறுக்கிறவரின் பிள்ளை அந்தப் பீடத்தில் படிக்கலாம், அதுதான் இந்த ஊரின் அழகு. ஆனால் ஊசியைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நாங்கள் அந்த மதிலுக்குள் போய்க் கேட்பதில்லை. பாமசியில் நிற்கிற தம்பியிடம் கேட்கிறோம். ரியூசன் வாசலில் காத்து நிற்கும் மற்றத் தாய்மாரிடம் கேட்கிறோம். கோயில் வீதியில் கேட்கிறோம். மிச்சத்தை யூரியூப் சொல்லித் தருகிறது. வீட்டு வாசலில் வந்து நிறை பார்த்து, கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக் திகதி சொல்லிவிட்டுப் போகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் மட்டும் கேட்கத் தோன்றுவதில்லை. அவர் அரசாங்க ஆள், சித்தி எங்கள் ஆள் என்ற நினைப்பு.

நடிகர் விவேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் 15ஆம் திகதி சென்னையில் கமெராக்களுக்கு முன்னால் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் திகதி மாரடைப்பில் போய்விட்டார். இருதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு அறிக்கை வர மாதங்கள் ஆயின. அவர் ஊசி போட்டுக்கொண்ட படம் பரவ ஒரு மணித்தியாலம் போதுமாக இருந்தது. அதிலிருந்து ஆறு கிழமை கழித்து, மே 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஐம்பதாயிரம் சினோபாம் ஊசிகளோடு வேலை தொடங்கியது. அந்த மார்ச் கடைசியில்தான் திருநெல்வேலியில் பாற்பண்ணைக் கிராமத்தை முடக்கி வைத்திருந்தார்கள், எனவே நோய் எங்கோ தூரத்தில் என்று சொல்ல முடியாது. இருந்தும் வெளிநாட்டு அழைப்புகள் நிற்கவில்லை. சீன ஊசி வேண்டாம், வெளிநாடு போக ஏலாது, நல்லது வரும் வரை பொறு. வெளிநாடு போவது பற்றிய கவலையில் அன்றைக்கு நியாயம் இருந்தது. நவம்பர் கடைசியில்தான் இங்கிலாந்தும் கனடாவும் பயணிகளிடம் அந்த ஊசியை ஏற்றுக்கொண்டன. ஆனால் வெளிநாடு போகும் எண்ணமே இல்லாத எழுபது வயது அப்பாவும் அம்மாவும் ஏன் பொறுத்தார்கள்? ஓகஸ்ட் கடைசியில் நாடு முழுக்க ஒரே நாளில் இருநூறுக்கு மேற்பட்ட மரணங்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாத முதியவர்கள்.

சனத்தை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கவும் முடியாது. 2020 டிசெம்பரில் கேகாலையில் ஒருவர் காளி அம்மன் அருளால் கிடைத்ததாகச் சொன்ன பாணிமருந்தை நாட்டின் சுகாதார அமைச்சரே கமெராவுக்கு முன்னால் குடித்தார். ஜனவரியில் அவருக்கே கொரோனா தொற்றியது. அமைச்சரே அப்படியென்றால் சித்தியின் மேல் என்ன கோபம்? 2023இல் வெடித்த தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல அடுத்த வருடம் பெப்ரவரியில் கைதானார். அது தடுப்பூசி இல்லை. ஆனால் செய்தியில் ஊசிக் குப்பியின் படம் வந்தது, அது போதும். 2008இல் ஐங்கூட்டுத் தடுப்பூசி அறிமுகமாகிச் சில மாதங்களில் குழந்தை மரணங்கள் பதிவானபோது அரசு ஊசியை நிறுத்தி, விசாரித்து, 2010இல்தான் திரும்பத் தொடங்கியது. 2009 ஜனவரியில் மாத்தறையில் ருபெல்லா ஊசி போட்ட பாடசாலை மாணவி ஒருத்தி இறந்தாள். இப்படியானவை மிக அரிது, ஆனால் நடந்தவை. ஊசி போட்டதும் ஓடிவிடாமல் கிளினிக்கில் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்வது ஒவ்வாமை ஏதும் வந்தால் உடனே பிடிப்பதற்குத்தான். பொறுமையில்லாமல் எழும்பிப் போகாதீர்கள்.

கொழும்பிலிருந்து வரும் அறிவித்தல் தமிழில் பிந்தி வருவதும், வந்தாலும் வாசிக்க முடியாத தமிழில் வருவதும் பழைய நோய். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, உடற்கூறும் இரண வைத்தியமும் தமிழில் நூலாக்கிவிட்டுப் போனார். இருந்தும் எச்.பி.வி. பற்றி ஒரு தாய்க்கு விளங்குகிற மாதிரி இரண்டு நிமிஷத் தமிழ்க் குரல்பதிவு ஒன்றை உருவாக்கி ஊர்க் குழுக்களுக்குள் விட ஏன் இவ்வளவு தயக்கம்? வதந்தி எந்த வழியால் வருகிறதோ அந்த வழியில்தான் உண்மையும் வர வேண்டும். சுகாதாரப் பகுதியினரும் மருத்துவ பீடத்து மாணவர்களும் இதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம். திகதியில்லாத, ஊரில்லாத, பேசுகிறவரின் முழுப்பெயரும் வேலை செய்யும் இடமும் இல்லாத எந்த ‘டொக்டர்’ வீடியோவையும் பகிராதீர்கள். ‘அழிக்க முதல் பாருங்கள்’ என்று வந்தால் பாராமலே அழியுங்கள். நாய், பூனை கடித்தால் அல்லது பிறாண்டினால்கூட சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் தொடங்கிவிட்டால் அதற்கு வைத்தியமில்லை, அங்கே பொறுத்துப் பார்க்க அறவே இடமில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் வரமுன் தங்கள் சின்னமுத்து ஊசிகளைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். சித்தியிடம் அதை நீங்களே கேட்கலாம், குறை நினைக்கமாட்டார்.

இன்று பின்னேரம் பிள்ளையின் கிளினிக் கொப்பியை எடுத்துத் தடுப்பூசிப் பக்கத்தைப் பாருங்கள். மூன்று வயதுக்குரிய எம்.எம்.ஆர். கட்டம் வெறுமையாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு அழைப்பெடுத்து, நல்லூரில் கொடியேற முதல் அதைப் போட்டு முடியுங்கள்.